‘இல்லை’ என்று சொல்வதும் அமானிதமே

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தினர் அனைவரும் கலைந்து சென்ற பின், நமது பள்ளிவாசலின் ஹவுளருகே ஒரு சகோதரர் மட்டும் அமர்ந்திருந்தார். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய மஹல்லா நம்முடையது. கணினித் துறையில் பணிபுரிவோர் இங்கு மிகுதி. அவரும் அவர்களுள் ஒருவரே. நாற்பதைத் தாண்டியவர். ஐந்து நேரத்திற்கும் வர இயலாவிட்டாலும் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் தவறாது முதல் ஸஃப்பில் நிற்பவர். அவருடைய முகத்தைக் கண்டு, “என்ன பாய், உடல்நலம் சரியில்லையா?” என்று வினவினோம்.

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுப் பின்பு சொன்னார்:

“ஹஜ்ரத், பதினாறு வருஷம் ஒரே கம்பெனி. ஆட்குறைப்புன்னு சொல்லி எங்க பிரிவையே எடுத்துட்டாங்க. அறுபது நாள் டைம் கொடுத்தாங்க. கம்பெனிக்குள்ளேயே வேற இடம் காலியா இருந்தா மனு போட்டுக்கலாம்னு சொன்னாங்க. இருபத்து மூணு இடத்துக்கு மனு போட்டேன். பதினேழுக்குப் பதிலே இல்லை. நாலுக்கு மெஷின் எழுதின மாதிரி ஒரே கடிதம். ரெண்டே ரெண்டு இடத்துல கூப்பிட்டுப் பேசினாங்க. அதுல ஒண்ணுக்கு ஆளை முந்தின வாரமே முடிவு பண்ணிட்டாங்களாம். என்னைக் கேள்வி கேட்டவருக்கே அது தெரியும். பெருநாளைக்கு எங்க வீட்டு பிரியாணி சாப்பிட்டவர், ஹஜ்ரத்!”

நாம் வழக்கம்போல் ஆறுதல் கூறத் தொடங்கினோம். ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஒரு வாசலை அவன் அடைத்தால் வேறொரு வாசலைத் திறப்பான். ஸப்றோடு இருங்கள் என்றெல்லாம் சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிக மரியாதையாக ஒரு சொல் சொன்னார்:

“ரிஜ்க் அல்லாஹ் கையிலதான் ஹஜ்ரத், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றது மனுஷன் கையிலதானே இருக்கு? அதையும் அல்லாஹ் மேல போட்டுடலாமா?”

நாம் வாயடைத்து நின்றோம். ஸலாம் சொல்லி அவர் எழுந்து போய்விட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே.

உலகெங்கும் நடப்பது

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துயரமன்று. 2022 நவம்பரில் ‘மெட்டா’ நிறுவனம் 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. நம் நாட்டில், டாட்டா கன்சல்டன்ஸி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியருள் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் அமேசான் நிறுவனம் சுமார் 14,000 அலுவலகப் பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தபோது, பெரும்பாலோருக்கு நிறுவனத்திற்குள்ளேயே வேறு பணி தேடிக்கொள்ள 90 நாள் அவகாசம் தருவதாகச் சொன்னது.

நமது சகோதரர் பணிபுரிந்த நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. அது எதுவாயினும் முறை ஒன்றே. காலியிடங்களைப் பட்டியலிட்டு ஊழியர் மட்டும் காணும்படி வைத்திருப்பார்கள். பதவி பறிபோனவர், அங்கு ஏற்கெனவே பல்லாண்டு உழைத்தவராயினும், புதியவரைப் போலத் தம் தகுதிகளை மீண்டும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரே இடத்திற்கு நீக்கப்பட்டோர் பலரும் ஒரே வாரத்தில் முட்டி மோதுவர். சில இடங்கள் பட்டியலில் இருக்கும். ஆனால் மேலிடத்தில் செலவுக்கு அனுமதி நிறுத்தப்பட்டிருக்கும். சில இடங்களுக்கு ஆள் முன்பே முடிவாகியிருக்கும். விதிமுறைக்காக மட்டும் அறிவிப்பு வெளியாகும். இவற்றுள் எது எந்த வகை என்பது மனுச் செய்பவருக்குத் தெரியாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வாசகம் நாட்கணக்கில் அவர் கண்முன் நிற்கும். அவகாசமோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வரும்.

நாட்டுச் சட்டம் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்கலாம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்புச் செய்த முதலாளி மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்ட தொழிலாளிக்கே முதல் வாய்ப்பளிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அக்கொள்கையைக் கைவிடவில்லை. ஆனால் மேலாளர் நிலையில் உள்ளோர் சட்டத்தின் கண்ணுக்குத் ‘தொழிலாளி’ அல்லர். ஆகவே நமது சகோதரரைப் போன்றோர் அந்த நிழலுக்கு வெளியே நிற்கின்றனர். சட்டம் கை நீட்டாத இடத்தில் மனிதனின் மனச்சாட்சியும் இறையச்சமும் அன்றோ பேச வேண்டும்!

முறையீடு ஸப்றுக்கு முரணா?

முதலில் நமது தவற்றைத் திருத்திக்கொள்வோம். துயரம் சொல்ல வந்தவரிடம் “ஸப்று செய்யுங்கள்” என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறோமே, அதுதான் ஸப்றின் பொருளா?

நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் அருமை மகனை இழந்தபோது அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள் என்று திருமறை கூறுகிறது. அதே சூரா யூஸுஃப், துக்கத்தால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்றும், தம் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் கூறினார்கள் என்றும் கூறுகிறது. அழகிய பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஆகவே வேதனைப்படுவது பொறுமையின்மையன்று. அல்லாஹ்வின் தீர்ப்பின் மீது கோபங்கொள்வதே பொறுமையின்மை.

அடுத்து, மனிதர் செய்த அநீதியை மனிதரிடம் எடுத்துச் சொல்லலாமா? தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதை அல்லாஹ் விரும்புவதில்லை, ஆனால் அநீதியிழைக்கப்பட்டவர் அதற்கு விலக்கு என்ற கருத்து சூரா அந்நிஸாவின் 148-ஆம் வசனத்தில் உள்ளது. வாய் திறக்கும் உரிமையை ரப்புல் ஆலமீனே அவருக்கு அளித்திருக்கும்போது, அதைப் பறிக்க நாம் யார்? அந்த உரிமைக்கும் எல்லையுண்டு. நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. தமக்குக் கிடைக்காத இடம் யாருக்குக் கிடைத்ததோ அவரைப் பழிக்கக்கூடாது. பெரும்பாலும் அவரும் தம் பிள்ளை குட்டிகளுக்காக மனுச் செய்தவர்தாமே!

‘ரிஜ்க் தருபவன் அல்லாஹ்’ என்பது ஐயத்திற்கு இடமற்ற உண்மை. இழந்தவர் அதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்போது அது ஈமான். அவரை அலைக்கழித்தவர் அதையே அவரிடம் சொல்லும்போது அது சாக்குப்போக்கு. சொல் ஒன்றே, சொல்பவர் நிற்கும் இடம் வேறு. இந்த வேற்றுமையை அன்றிரவு அச்சகோதரர் நமக்குக் கற்றுத் தந்தார்.

பதவி கேட்பது குற்றமா?

சிலர் இன்னொன்று கேட்பர். பதவியைக் கேட்டுப் பெறுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே, அப்படியிருக்க இருபத்து மூன்று மனுக்கள் போடலாமா என்று.

அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களிடம் அண்ணலார் அவ்வாறு கூறியது ஆட்சியதிகாரத்தைப் பற்றியது. மக்கள் மீது ஆணை செலுத்தும் பொறுப்பை நாடி ஓடுவது வேறு. குடும்பத்தைக் காக்கக் கூலிக்கு உழைப்பைத் தர முன்வருவது வேறு. அதிலுங்கூட, பஞ்சம் வருமென்று அறிந்த நபி யூஸுஃப் (அலை) அவர்கள், தாம் காக்கவும் அறியவும் வல்லவர் என்று கூறி, எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். தகுதியுள்ளவர் தம் தகுதியை உண்மையாக எடுத்துச் சொல்வது தற்பெருமையாகாது என்று தஃப்ஸீர் வல்லுநர் இதிலிருந்து விளங்குவர். இல்லாத தகுதியை எழுதினால்தான் பொய்யாகும்.

தவக்குல் என்பது ஓரிடத்தில் அமர்ந்திருப்பதன்று. அன்னை ஹாஜர் (அலை) அவர்கள், தங்களை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று உறுதியாகக் கூறியவர்கள். அப்படிக் கூறியவர்களே ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடினார்கள். தண்ணீர் அவர்கள் ஓடிய இடத்தில் கிடைக்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் பொங்கியது. அதனால் அந்த ஓட்டம் வீண் என்று எவரேனும் சொல்வரா? ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் இன்றளவும் அந்த ஓட்டத்தை வணக்கமாக அல்லவா செய்து வருகின்றனர்!

ஆளை முடிவு செய்துவிட்டு அறிவிப்பது

இனி மறுபக்கத்திற்கு வருவோம். ஆளை முடிவு செய்துவிட்டு, அதன்பின் இடம் காலியென்று அறிவிப்பது ஷரீஅத்தின் பார்வையில் என்ன?

நாம் இங்கு ஃபத்வா வழங்கவில்லை. சிந்தனைக்கு ஒரு வழியை மட்டும் காட்டுகிறோம். மத்ரஸாவில் வணிகப் பாடம் ஓதும்போது ‘நஜ்ஷ்’ என்னும் சொல் வரும. ஏலத்தில் வாங்கும் எண்ணம் சற்றுமின்றி, பிறரை ஏமாற்றி விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பது நஜ்ஷ். இதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அந்தத் தடையின் உயிர்நாடி எது? வாங்கும் எண்ணமில்லாதவன் வாங்குபவனைப் போல் நடிக்கிறான். அந்த நடிப்பை நம்பி மற்றவன் இழக்கிறான். அப்படியானால் கொடுக்கும் எண்ணமில்லாதவன் கொடுப்பவனைப் போல் நடித்து, அதை நம்பி இன்னொருவன் இழப்பானாயின், அது எந்த இனத்தைச் சேரும்? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த செய்தியையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே ‘அனைவரும் மனுச் செய்யலாம்’. உள்ளே முடிவான பெயர்.

நீதியாகப் பேசுவதாயின் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, உண்மையாகவே யாரும் முடிவாகாத நிலை. இதில் பலர் கேட்டு ஒருவர் பெறுவது இயல்பு, மற்றவர்க்கு அநீதியில்லை. இரண்டாவது, ஒருவர் மீது நாட்டம் இருக்கிறது. ஆயினும் அவரினும் தக்கவர் வந்தால் மாற்றிக்கொள்ள மனம் திறந்திருக்கிறது. இதிலும் பொய்யில்லை. மூன்றாவது, கதவு உள்ளே தாழிடப்பட்டுவிட்டது. வெளியே மட்டும் ‘வருக’ என்ற பலகை தொங்குகிறது. இந்த மூன்றாவதுதான் ஏமாற்று. ‘எங்கள் விதி அப்படி, அறிவிப்பு வெளியிட்டே ஆக வேண்டும்’ என்று கூறுவர். யோசித்துப் பாருங்கள்: ஒருவருக்கு வேண்டியவரை மட்டும் அமர்த்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விதி இயற்றப்பட்டது. விதியின் உடலை வைத்துக்கொண்டு உயிரை எடுத்துவிட்டு, விதியையே சாட்சிக்கு அழைப்பது எவ்விதம் பொருந்தும்?

நமது கைகளும் சுத்தமில்லை

இதுவரை எழுதிவிட்டு நாம் பேனாவை வைத்துவிட்டோம். மேலே எழுதக் கை வரவில்லை. காரணம் கூறுகிறோம், வாசகர்கள் மன்னிப்பார்களாக.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மத்ரஸாவில் உஸ்தாது பணிக்கு ஆள் தேவையென்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தேர்வு செய்யும் மூவருள் நாமும் ஒருவர். ஐந்து ஆலிம்கள் வந்தார்கள். ஒருவர் இரவெல்லாம் பஸ்ஸில் நின்றபடியே பயணம் செய்து, ஃபஜ்ரு நேரத்தில் வந்திறங்கியவர். அவர்களிடம் ஹிதாயாவில் கேள்வி கேட்டோம், அல்ஃபிய்யாவில் கேட்டோம், ஓதச் சொல்லிக் கேட்டோம். ஆனால் அந்த இடம் நிர்வாகி ஒருவருடைய மருமகனுக்கென்று முன்பே முடிவாகிவிட்டது. அது நமக்குத் தெரியும். அந்த ஐவருள் ஒருவர்தாம் அந்த மருமகன். மற்ற நால்வரும் வேடிக்கைக்கு நிறுத்தப்பட்டவர்கள்.

பஸ்ஸில் நின்று வந்த அந்த ஆலிம் புறப்படும்போது, “ஹஜ்ரத், தகவல் எப்போது வரும்?” என்று கேட்டார். “இன்ஷா அல்லாஹ், கடிதம் போடுவார்கள்” என்றோம். யாரும் கடிதம் போடவில்லை. போடமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நடக்காதென்று நாம் அறிந்த ஒன்றை மூடிமறைக்க அல்லாஹ்வின் திருநாமத்தைத் திரையாகப் பயன்படுத்தினோம். அச்சகோதரரைப் பெருநாள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்டவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர் கணினி முன் அமர்ந்திருந்தார். நாம் கிதாபுகளின் முன் அமர்ந்திருந்தோம். அவ்வளவுதான்.

அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவம், அந்த அடியாரிடம் மன்னிப்புப் பெறாமல் தவ்பாவினால் மட்டும் நீங்குவதில்லை என்று பிறருக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். மறுநாள் அந்த மத்ரஸாவின் பதிவேட்டிலிருந்து நால்வரின் முகவரிகளையும் வாங்கி, நடந்ததை மறைக்காமல் எழுதி மஆஃப் கேட்டோம். இருவரிடமிருந்து பதில் வந்தது. ஒருவர் இரண்டே வரிகளில் மன்னித்துத் துஆச் செய்திருந்தார். மற்றவர் பஸ்ஸில் நின்று வந்தவர். அவரும் மன்னித்துவிட்டார். ஆனால் ஒரு செய்தி எழுதியிருந்தார். அந்த வாரத்தில் அவருடைய ஊருக்கருகே இன்னொரு மத்ரஸாவிலும் இடம் இருந்ததாம். நமது கடிதத்தை எதிர்பார்த்து ஒரு மாதம் காத்திருந்தாராம். அதற்குள் அங்கே வேறொருவரை அமர்த்திவிட்டார்கள். இப்போது சிறிய அத்தர்க் கடை வைத்திருக்கிறார்.

அக்கடிதத்தைப் படித்த பின்பே நமக்கு முழுமையாக விளங்கியது. பதில் சொல்லாமை வெறும் மரியாதைக் குறைவன்று. ‘இல்லை’ என்ற சொல்லை நாம் நம்மிடம் வைத்துக்கொண்ட அந்த ஒரு மாதமும் அவருக்குச் சொந்தமானது. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். பிறர் பொருளை வைத்துக்கொண்டு திருப்பித் தராதிருப்பது அமானித மோசடியாயின், அவருடைய நாட்களை வைத்துக்கொண்டிருப்பது மட்டும் எப்படி அதிலிருந்து தப்பும்? அறுபது நாள் அவகாசம் பெற்றவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பணமுடிப்பு. பதினேழு பேர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மறுப்பதற்கும் ஒரு ஸுன்னத்து

மறுப்பதே தவறென்று நாம் கூறவில்லை. இடம் ஒன்று, கேட்போர் நூறு என்றால் தொண்ணூற்றொன்பது பேரை மறுத்துத்தான் ஆக வேண்டும். எப்படி மறுப்பது என்பதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு.

அபூதர் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் வந்து, தமக்கு ஒரு பொறுப்புத் தரலாகாதா என்று கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் அவர்களுடைய தோளில் தட்டினார்கள். அபூதர் அதற்கு வலுவற்றவர் என்றும், அது ஓர் அமானிதம் என்றும், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றாதவருக்கு அது கியாமத் நாளில் இழிவும் கைசேதமுமாகும் என்றும் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. இதிலுள்ள பாடங்களைப் பாருங்கள். கேட்டவருக்குக் கேட்ட இடத்திலேயே பதில் கிடைத்தது. முகத்துக்கு நேரே கிடைத்தது. காரணம் மறைக்கப்படவில்லை. அந்தக் காரணம் கசப்பானதே. ஆயினும் கை தோளின் மீது இருந்தது. அபூதர் (ரலி) அவர்களுடைய கண்ணியம் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை.

அமர்த்துவதற்கும் முன்மாதிரி உண்டு. எகிப்திலிருந்து தப்பி, வேலையும் வீடுமின்றி மத்யன் நகரை அடைந்த நபி மூஸா (அலை) அவர்கள், இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். இறைவா, நீ எனக்கு இறக்கியருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன் என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். அதையடுத்து அப்பெண்களுள் ஒருவர் வந்ததைக் கூறும் வசனம் ‘ஃபா’ என்னும் எழுத்தைக்கொண்டு தொடங்குகிறது. தாமதமின்றித் தொடர்ந்து நிகழ்ந்ததை அந்த எழுத்து உணர்த்தும் என்பது நஹ்வு பயின்றோர் அறிந்ததே. உழைத்தவருக்குரியதைத் தர அந்தப் பெரியவர் நாள் கடத்தவில்லை. பின்பு, வலிமையும் நம்பகமும் உள்ளவரே கூலிக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று மகள் கூற, பெரியவர் எட்டாண்டு நிபந்தனை என்றும், பத்தாக நிறைவு செய்தால் அது அவருடைய விருப்பம் என்றும், தாம் அவரைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் தெளிவாகப் பேசினார். காலம் எவ்வளவு, கடமை எது, விருப்பம் எது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. நாடற்று வந்த ஓர் அந்நியரிடம் இத்தனை தெளிவு! பதினாறாண்டு உடனிருந்தவரிடம் நாம் காட்டுவது என்ன?

நாம் செய்யத்தக்கவை

பெரிய நிறுவனங்களைத் திருத்த நம்மால் இயலாது. ஆனால் அந்நிறுவனங்களில் பதவி வகிக்கும் நம் சகோதர சகோதரிகள் இதை வாசிக்கக்கூடும். அவர்களிடம் வேண்டுகிறோம். உங்களிடம் மனு வந்தால் அதை ஓர் அமானிதமாகக் கருதுங்கள். முடிவாகிவிட்ட இடமாயின் கேட்பவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள். நிறுவனத்தின் இரகசியத்தை வெளியிட முடியாதென்றால் வேண்டாம். “இதை நம்பி இருக்காதீர்கள், வேறிடமும் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்த விதியும் தடையன்று. தெரிந்தவர் என்றால் கடிதத்தோடு விடாமல் நேரில் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக அவருடைய நாட்களைச் செலவழிக்காதீர்கள்.

வேலை இழந்தவர் வீட்டாருக்கும் ஒரு சொல். “இன்று ஏதாவது பதில் வந்ததா?” என்று தினமும் வாசலிலேயே கேட்காதீர்கள். பதில் வந்தால் அவர் சொல்லாமலா இருப்பார்? பதவி போனதென்று பேசி முடித்த சம்பந்தத்தை முறிக்கும் வழக்கமும் நம்மிடையே தலைகாட்டுகிறது. பதவிக்கா பெண் கொடுத்தோம்?

மனுச் செய்து சோர்ந்திருக்கும் சகோதரருக்கு: உங்கள் வேதனை ஈமானின் குறையன்று. அநீதியை அநீதி என்றே சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்லாதீர்கள். பதிலில்லாத வாசலில் உங்கள் நாட்களையெல்லாம் வைத்துவிடாமல் வெளியிலும் தேடுங்கள். உங்கள் மதிப்பை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அதை எழுதியவர்களுக்கு உங்களைத் தெரியாது.

நமது ஜமாஅத் நிர்வாகிகளே, மத்ரஸாப் பெரியோர்களே! பிறரைக் கேட்குமுன் நமது வாசலைப் பார்ப்போம். இமாம் தேவை, உஸ்தாது தேவை என்று விளம்பரம் செய்து ஆலிம்களை வரவழைத்து, பயணச் செலவும் தராமல், பதிலும் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லையா? நாம் தேர்வுக் குழுவில் அமரும் மத்ரஸாவில் இப்போது ஒரு முறை வைத்துள்ளோம். வந்தவர் அனைவருக்கும் ஒரு வாரத்திற்குள் ஆமென்றோ இல்லையென்றோ கடிதம் போய்விட வேண்டும். சிறிய காரியந்தான். மூன்றாண்டுகளுக்கு முன் அது இருந்திருந்தால் ஓர் ஆலிம் இன்று ஹிதாயா நடத்திக்கொண்டிருப்பார்.

அந்தச் சகோதரரின் அறுபது நாட்களும் முடிந்துவிட்டன. உள்ளே இடம் கிடைக்கவில்லை. முன்னை விடக் குறைந்த ஊதியத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் இப்போது சேர்ந்திருக்கிறார். சென்ற வாரம் இஷாவுக்குப் பின் அவரிடம் போய், அன்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை என்றும், அவர் சொன்னதே சரி என்றும் கூறினோம். அவர் நமது கையைப் பற்றிக்கொண்டு, “இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளா ஹஜ்ரத்?” என்று கேட்டுச் சிரித்தார். நமக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. பதில் சொல்வதில் நாமும் தாமதித்துத்தான் விட்டோம்.

நம் வசமுள்ள அமானிதங்களை உரியவரிடம் உரிய காலத்தில் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வேலையின்றி வாடுவோருக்கு ஹலாலான, பரக்கத்தான வழிகளைத் திறந்தருள்வானாக! ஆமீன்.